அம்மாவின் பட்டன்

லேப்டாப் ரிப்பேர் செய்கிறவளுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. கீபோர்டைச் சாப்பாட்டு மேஜையாக்குகிறவர்கள், ஈரக் கையால் டச்பேடைத் தேய்த்துவிட்டு “தானாவே போயிடுச்சு” என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. எதுவும் தானாகப் போவதில்லை. பொய்தான் தானாக வருகிறது.

அந்த வீட்டுக்கும் இந்த நினைப்போடுதான் போனேன். நல்ல பகல் வெளிச்சம். ஆனாலும் தெருக்கோடியில் இருந்த அந்தப் பழைய வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கதவு திறந்ததும் பினாயில் வாடை. அதற்கு அடியில், வெகுநாள் படுத்த படுக்கையின் வாடை.

திறந்தவர் நடுவயதுக்காரர். சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. மனதுக்குள் அவருக்கு மடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

“ஏம்மா, தூக்கிப் போட வேண்டிய சாமான் அது. என் தங்கச்சி பிடிவாதமா உன்னைக் கூப்பிட்டிருக்கா. பாத்துட்டு, சரியாகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு.”

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே சொல்லித் தருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அறையில் ஒரு கட்டில். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டிலோடு ஒட்டிய சக்கர மேஜையில் லேப்டாப். அதன் முன்னால் அந்தத் தங்கை, அழுது முடித்த முகத்தோடு. வெளிநாட்டில் வேலை, அம்மா இறந்த பிறகுதான் வர முடிந்ததாம்.

“பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போயிடுச்சுக்கா. ஒரே ஒரு விரல்தான் அசையும். இதுலதான் பேசுவாங்க.”

திரையில் எழுத்துப் பலகை ஒன்று இருந்தது. ஒரு வெளிச்சக் கட்டம் எழுத்துகள் மேல் தானாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது டச்பேடுக்குக் கீழே இருக்கும் பட்டனை அமுக்கினால் அந்த எழுத்து மேலே விழும். அப்படி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து அந்த அம்மா மகளுக்குச் செய்தி அனுப்புவாராம்.

“லீவு கிடைக்கல, இப்ப வர முடியாதும்மான்னு எழுதினேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வரலைக்கா. கோவத்தோடயே போயிட்டாங்களா, இல்லையா, அது தெரிஞ்சா போதும் எனக்கு. அனுப்பாம ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா பாருங்க.”

“பட்டன் தானாவே போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார் மடிப்பு, நிலைப்படியில் சாய்ந்தபடி.

என் மவுஸைச் செருகினேன். அம்பு ஓடியது, ஆக மெஷினில் கோளாறு இல்லை. செட்டிங்கில் டச்பேடும் அணைக்கப்படவில்லை. ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று. விரலை வைத்துத் தேய்த்தால் அம்பு நகரவில்லை, அமுக்கினால் பட்டன் இறங்கவில்லை. அனுப்பாத செய்திகள் என்று எதுவும் இல்லை. எழுத்துப் பலகையைத் திறந்தேன். வெளிச்சக் கட்டம் நகர்ந்தது. மேல் வரி காலி.

“ஒண்ணுமே இல்லையாக்கா?” அவள் குரல் உள்ளே போய்விட்டது.

பட்டனைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பால் என்று நினைத்தேன். பெரும்பாலும் பாலோ காபியோதான். நகத்தால் சுரண்டினேன். கல் மாதிரி இருந்தது. டச்பேடின் விளிம்பு முழுக்க, பட்டனின் இடுக்கு முழுக்க, பொறுமையாக, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றப்பட்டிருந்தது.

“இது கொட்டினது இல்ல சார். ஊத்தினது. பசை.”

மடிப்பு வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

“நான் வீட்லேர்ந்து வேலை பாக்கிற ஆளு. மீட்டிங்ல உக்காந்தா இந்த ரூம்லேர்ந்து டக்கு டக்குன்னு சத்தம். எல்லாரும் என்ன சார் அதுன்னு கேக்கிறாங்க. மானம் போகுது. அப்படி என்ன பெருசா சொல்லிட்டாங்க? தண்ணி, போர்வை, ஜன்னலைத் திற. இதுதானே?”

கேட்ட தண்ணீரை உடனே கொடுத்த பிள்ளை மாதிரிப் பேசினார். அற்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றவளின் வாயை அடைக்கப் பசை வாங்கி வந்து, அதையும் சட்டையில் படாமல் ஊற்றியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கை கூசியது எனக்கு.

தங்கை எழுந்து நின்றாள். “அண்ணா… அம்மா அது தெரியாம அமுக்கிக்கிட்டே இருந்திருப்பாங்களே?”

“இருந்தாங்க,” என்றார். “கொஞ்ச நாள்.”

டக்.

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தோம். யாருடைய கையும் அங்கே இல்லை. பட்டன் இறங்கவில்லை, அது இறங்கவே முடியாது.

மேல் வரியில் ஓர் எழுத்து விழுந்திருந்தது.

கோ

மவுஸ்தான் ஏதோ சேட்டை செய்கிறது என்று அதைப் பிடுங்கினேன். வெளிச்சக் கட்டம் நகர்ந்தது. ஓர் இடத்தில் தயங்கியது.

டக்.

வ

பட்டன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அடியிலிருந்து ஏதோ என் விரலைத் தள்ளியது. பலமாக இல்லை. பலமே இல்லாத ஒருவர் தள்ளுவது போல, திரும்பத் திரும்ப. கையை இழுத்துக்கொண்டேன்.

டக்.

மி

டக்.

ல்

டக்.

ல

‘கோவமில்ல.’

தங்கையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாதது. மேஜையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்றாள்.

“ஏய், நீதானே இதெல்லாம் பண்றே?” மடிப்பு பாய்ந்து வந்தார். பிடுங்கிய மவுஸைத் தூக்கிக் காட்டினேன். அவர் மூடியை அறைந்து சாத்தினார்.

மூடிய மெஷினுக்குள்ளே: டக்.

“பேட்டரியைக் கழட்டு! கழட்டு சீக்கிரம்!”

திருப்பிப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்தேன். சத்தம் நின்றது. சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார்.

“பாத்தீங்களா? ஏதோ எலக்ட்ரிக் கோளாறு. இதுக்குப் போய் ஒப்பாரி.”

தங்கை லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்தாள். குழந்தையைத் தூக்குவது போல அந்தப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

“இது என்கூட வரட்டும். வாங்கக்கா, போலாம்.”

வாசலில் நான் செருப்பை மாட்டும்போது அது கேட்டது.

டக்.

பையிலிருந்து இல்லை. பேட்டரி என் கையில் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து, அந்தக் காலிக் கட்டில் பக்கமிருந்து வந்தது.

டக்.

இப்போது கூடத்தில். மடிப்பின் தோளுக்குப் பின்னால். அவர் திரும்பினார். சுவர்தான் இருந்தது.

“அண்ணா, லேப்டாப் என்கிட்ட இருக்கு,” என்றாள் தங்கை, தாழ்ந்த குரலில்.

அவர் என்னைப் பார்த்தார். வந்தபோது ‘ஏம்மா’ என்றவர் இப்போது, “மேடம்… இதை எப்படி நிறுத்துறது?” என்று கிசுகிசுத்தார். அத்தனை நேரத்தில் அவர் கேட்ட ஒரே ஒழுங்கான கேள்வி.

“பசை மிச்சம் இருக்கா சார்? இருந்தா எங்க ஊத்தலாம்னு பாருங்க.”

டக்.

இரண்டு கையாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார்.

அந்த நொடியே எங்களுக்குச் சத்தம் நின்றுவிட்டது. வீடு முழுக்க அமைதி. வெளியே ரோட்டில் சைக்கிள் போவதுகூடக் கேட்டது.

அவருடைய இமைகள் மட்டும், காதைப் பொத்திய கைகளுக்கு நடுவில், அந்த டக் வந்த அதே இடைவெளியில் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தன.