கடைசி ஸ்டேஷன்ல எழுப்பி விட்டுடுங்க

தோளில் சாய்ந்திருந்த தலை அசையவே இல்லை.

கடைசி ஸ்டேஷன். மெட்ரோ பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. நைட் டியூட்டி முடிந்து காலையில் வீடு திரும்பும் அந்த நர்ஸுக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. வார்டில் நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது.

பக்கத்தில் இருந்தவரை மெல்ல உலுக்கினாள்.

"சார்... இறங்கணும்."

பதில் இல்லை.

அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞன் பாதி வழியிலேயே இறங்கிவிட்டான். போகும்போது, "அண்ணன் அசந்து தூங்குறாருக்கா. கடைசி ஸ்டேஷன்ல எழுப்பி விட்டுடுங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவர் தலை இவள் தோளில் சரிந்தது. வேறு நாளாக இருந்தால் முழங்கையால் ஓர் இடி இடித்திருப்பாள். இன்று அதற்கும் சக்தியில்லை. பாவம், இவரும் நம்மை மாதிரி என்று நினைத்தபடியே அவளும் கண் அயர்ந்துவிட்டாள்.

இப்போது அவர் கழுத்தில் விரலை வைத்தாள்...

தூக்கம் போன இடம் தெரியவில்லை. காவலாளியைக் கூவி அழைத்தாள்.

மாலை. ஸ்டேஷன் மாடியில் போலீஸ் அறை.

சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், ரயிலில் கிடந்தவரின் தம்பிக்கு போன் போட்டு, அண்ணன் இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். தம்பி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். தான் காலையிலிருந்து வீட்டை விட்டு நகரவில்லை என்றும், அண்ணனைப் பார்த்தே நாளாகிறது என்றும் அழுகையோடு சொன்னான்.

தடுப்புக்குப் பின்னால் இருந்த நர்ஸ் அந்தக் குரலைக் கேட்டாள். எழுந்து வந்தாள்.

"இவர்தான் சார்."

அவன் முகம் வெளுத்தது... ஒரு நொடிதான்.

"யாரையோ பாத்துட்டு என்னைச் சொல்றாங்க. என்ன சாட்சி இருக்கு? செத்தவரா எழுந்து வந்து சொல்லுவாரு?"

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். மேஜைமேல் இருந்த போனை அவன் பக்கம் தள்ளினார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து. உனக்குத்தான்."

மறுமுனையில் குரல் தேய்ந்து வந்தது.

"வீட்டை விக்க வேணாம்னுதானேடா சொன்னேன்... அதுக்கு டீயில தூக்க மாத்திரையைக் கலந்தா குடுப்ப?"

போன் அவன் கையிலிருந்து நழுவியது.

அவள் விரல் வைத்தபோது நாடி நூலாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு தடைபடாமல் பார்த்துக்கொண்டாள். அவர் பிழைத்த சேதியை வெளியே விடாமல் வைத்திருந்தது இன்ஸ்பெக்டர்.

"ஊர்ல இத்தனை பேர் இருக்க, ஒரு நர்ஸ்கிட்டயா விட்டுட்டுப் போவே?" என்றார் அவனிடம், அலுப்போடு.

அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால்...

"ஜீப்ல வீட்ல விடச் சொல்றேம்மா."

"வேணாம் சார். ரயில்லயே போயிடறேன்..." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பெட்டியே காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே!"