ஹாடோ வீட்டு வாசலில் கவிழ்ந்த வாளி

க்ளாரி ஹாடோவின் உடலை அவருடைய பால் கொட்டகையில் கண்டெடுத்தார்கள். காட்டுத்தீ கடந்துபோன மறுநாள் காலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். முதலில் பார்த்தது போலீஸ் சார்ஜென்ட் நோலீன் ஸ்ட்ரட். கூட வந்த தீயணைப்புப் படைக் கேப்டன் வாலி டென்ச் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். க்ளாரியும் அவரும் ஒரே தண்ணீர் லாரியில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள்.

“வாளி கவுந்திருந்துச்சே நோலீன்! அதப் பாத்துட்டுத்தானே எங்க லாரி நிக்காமப் போச்சு!”

முல்லாரூ மலைச்சாலையில் ஒவ்வொரு வாசல் கம்பத்தின் மேலும் ஒரு தகர வாளி உண்டு. கோடை முழுக்க அதில் தண்ணீர் நிறைந்திருக்கும். வாளி நிமிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, லாரி நுழையும். எல்லாரும் வெளியேறியதும் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்த வாளியைக் கண்டால் லாரி அடுத்த வீட்டுக்கு ஓடும். சம்பளமில்லாத பத்துப் பன்னிரண்டு பேரும் ஒற்றை லாரியுமாக ஒரு மலையைக் காப்பவர்களுக்கு வேறு வழி இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓடைப் பாதையில் ஒரு பெரிய மரம் எரிந்து குறுக்கே விழுந்திருந்தது. க்ளாரியின் வண்டி அதுவரை போய்த் திரும்பி வந்த தடம் சாம்பலில் தெரிந்தது. வாசல் பக்கமும் அதற்குள் புகை மூடியிருக்கும்; வேறு வழியில்லாமல் கொட்டகைக்குள் புகுந்திருக்கிறார். லாரி வரும் என்று காத்திருந்திருப்பார். கொட்டகையின் மறுபாதி இடிந்த கூரைத் தகரத்தின் அடியில் கிடந்தது; அதை யாரும் புரட்டவில்லை.

தீ வந்த அன்று வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பும் வேலை ப்ரான் டல்லியுடையது. மாட்டுப்பண்ணைக்காரி, படையில் ஆறாவது கோடை. உடல் கிடைத்த நாள் சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. தீயைப் பார்த்துப் பயந்துபோய், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டாளாம். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள்.

மூன்றாம் நாள் காலை, ப்ரான் வீட்டு அடுக்களையில் விசாரணை.

“ஹாடோ வீட்டு வாளிய யாரு கவுத்தது?”

“தெரியாது.”

“நீயா?”

“இல்ல. கீழ நாலு வீட்டு வாளியக் கவுத்தேன். அதுக்குள்ள தீ ரோட்டத் தாண்டிருச்சு. லாரிக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“லாரில போறப்போ?”

“கவுந்துதான் இருந்துச்சு. டிரைவர் வேகத்தக் குறைச்சான். நான்தான் ‘போ, போ’ன்னு தோளத் தட்டினேன்.” ப்ரான் தன் மஞ்சள் படைச் சட்டையை மேசைமேல் தள்ளினாள். “இத வாலிகிட்டக் குடுத்துடுங்க.”

“நீ செய்யலன்னா எதுக்கு இதக் குடுக்கற?”

“குடுத்துடுங்க,” என்றாள் ப்ரான் மறுபடியும். நோலீன் சட்டையைத் தொடாமல் எழுந்தாள்.

வாலி, லாரி நிற்கும் கொட்டகையின் வாசலில் தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம். அவ இருந்தா லாரில ஏற மாட்டோம்கறானுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

“நீங்க நம்புறீங்களா?”

“நம்பாம இருக்கத்தான் பாக்கறேன்,” என்றார் வாலி.

நோலீன் மலைச்சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டினாள். ப்ரான் போன நாலு வீட்டிலும் இரும்புக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. தீ நாளில் படை ஆட்கள் கேட்டைச் சாத்தவே மாட்டார்கள். லாரி நுழைய வேண்டும், மாடு தப்பிக்க வேண்டும். இது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வாளித் தண்ணீரை வீசிய இடத்தில் வண்டிப்பாதை மண் அங்கங்கே சிதறலாகக் குழித்து இறுகியிருந்தது.

ஹாடோ வீட்டுக்கு வந்தாள். கேட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கினாள். உடலைத் தேடி வந்த காலையில் இந்தச் சங்கிலியைக் கழற்றியது அவள்தான், விரலெல்லாம் கரியானது. அதாவது கேட் சாத்தியிருந்தது. சங்கிலியின் கொக்கி ரோட்டுப் பக்கம் மாட்டியிருந்தது. மாட்டியவர் வெளியே நின்றிருக்கிறார். க்ளாரி இல்லை.

கம்பத்தடியில் ஒரு ரோஜாச் செடி. வேலி கருகி, புல் கருகி, தபால் பெட்டி உருகி வழிந்திருக்க, அது மட்டும் பச்சையாக நின்றது. வந்து போனவர்கள் எல்லாரும் அதிசயம் என்று போட்டோ பிடித்தார்கள். நோலீன் மண்டியிட்டாள். செடியைச் சுற்றிக் கட்டிய பாத்திக்குள் மண் சேறாகிப் பிறகு இறுகியிருந்தது. பாத்திக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்த அடையாளம் இல்லை.

நோலீன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இது தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஊர் மன்றத்து அடுக்களையில், தீயணைப்பவர்களுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவும் பெண்களோடு ஏவிஸ் ஹாடோவும் நின்றாள். க்ளாரியின் மனைவி. வீட்டில் உட்கார வீடு இல்லை. தீ வந்த அன்று மதியம் பக்கத்துப் பண்ணை டெஸ் தன் காரில் அவளை ஏற்றி வந்தார். திரும்பிப் போய்த் தன் ஆடுகளை அவிழ்த்தவர், புகை ஏறி, நகரத்து ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடக்கிறார்.

நோலீன் மற்ற பெண்களை வெளியே அனுப்பினாள்.

“ஏவிஸம்மா, டெஸ் காரு ஓட்டினாரு. வாசல் கேட்ட யாரு திறந்தது?”

“பக்கத்து சீட்டுல இருக்கறவங்கதான். இதென்ன கேள்வி?”

“சாத்தினது?”

வெண்ணெய்க் கத்தி நின்றது.

“பண்ணை ஊருல பக்கத்து சீட்டுக்காரங்க இறங்கித் திறப்பாங்க, வண்டி போனதும் சாத்துவாங்க. ஆயுசு பூரா நீங்க செஞ்சது அது. தீ வந்தாலும் கை கேக்காது. ப்ரான் சாத்தியிருக்க மாட்டா.” நோலீன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். “வாளித் தண்ணிய அவ வீசியிருப்பா. ரெண்டு வருஷமா மழ இல்ல. குளிச்ச தண்ணியக் கொண்டாந்து அந்த ரோஜாவக் காப்பாத்தினவங்களால வீச முடியாது. தீ பின்னால வர்றப்பவும் நீங்க குனிஞ்சு, செடிக்குத்தான் ஊத்தினீங்க. அப்பறம் வாளியக் கவுத்தீங்க.”

ஏவிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

“கன்னுக்குட்டிங்கள அவுத்துட்டு ஓடைப்பக்கமா வந்துடறேன்னாரு. ‘வாசல்ல நீதான் கடைசி, வாளியக் கவுத்துடு, பசங்க வீணா உள்ள வந்து மாட்டிக்குவாங்க’ன்னாரு. அவரு சொன்னதத்தான் செஞ்சேன், நோலீன்.”

“தெரியும்மா.”

“அந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்போ சொல்லணும்னு பாத்தேன். வாய் வரல. சொல்லிட்டா, அவரக் கொன்னது நான்னு ஆயிடும்ல. மூணு நாளா அவ சொமந்தா, நான் வெண்ணெ தடவிட்டிருந்தேன்.” முகத்தைப் பொத்திக்கொண்டாள். “டிப்பியக்கூட என்னோடதான் அனுப்பினாரு. கேட்டுகிட்ட நான் இறங்கினப்போ அந்த நாயும் குதிச்சு ஓடிருச்சு. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். டெஸ் ஹாரன் அடிச்சாரு. எங்க போய் வெந்துச்சோ, பாவம்.”

“நான் வாலிகிட்டச் சொல்லிக்கறேன். நீங்க வர வேண்டாம்.”

“இல்ல. நானே சொல்றேன்.”

மூன்று மணிக் கூட்டம் லாரியின் ஓரத்தில் நடந்தது. ப்ரான் மடித்த சட்டையோடு ஒரு மூலையில் தனியாக நின்றாள். ஏவிஸ் நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

“வாளியக் கவுத்தது நான். இவ இல்ல.” ஆண்களைப் பார்த்து இன்னொரு முறையும் சொன்னாள், உரக்க. “நான்.”

அதுவரை கத்தியவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். வாலி வந்து ப்ரானின் கையிலிருந்த சட்டையைப் பிரித்து அவள் தோளில் போட்டார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ப்ரான் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள்.

“என்ன கேட்டுச்சு?” என்றாள் நோலீன்.

“நாய் குரைச்சது. கொட்டகைப் பக்கம். லாரி சத்தத்துலயும் கேட்டுச்சு. நாய் இருந்தா ஆளும் இருப்பாங்களோன்னு ஒரு நொடி தோணுச்சு. வாளியப் பாத்தேன். ‘போ, போ’ன்னு தட்டினேன்.” அவள் ஏவிஸை நிமிர்ந்து பார்த்தாள். “மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியத இல்ல.”

ஏவிஸ் மெல்ல அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ப்ரானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“கொட்டகைப் பக்கமா? நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“அப்ப டிப்பி அவருகிட்டப் போய்ச் சேந்துட்டான்,” என்றாள் ஏவிஸ். “அவரு தனியா இல்ல.”