ஈயம் பிடிக்காத இழை

முதலில் அந்த வாசனைதான். ஈயம் உருகும்போது எழும் பைன்மரப் பிசின் புகை, கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டும் மெர்வ் டான்ஸ்லிக்கு முப்பது வருஷப் பழக்கம். அவன் சட்டைக்கு அதுதான் சென்ட். ஆனால் ஆஸ்திரேலியாவில், பல்லாரட்டின் ஜூலை மழை கொட்டகையின் தகரக் கூரையில் விடாமல் கடலை வறுத்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், புகைக்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. சீப்பில் சிக்கிய முடியை நெருப்பில் காட்டினால் வருமே, அது. தன் தலையைத் தடவிப் பார்த்தான். அங்கே கருக ஒன்றும் மிச்சமில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

கிட்டார் ஆம்பில், கிட்டாரைச் செருகும் துளையிலிருந்து முதல் கண்ணாடி வால்வுக்குப் போகும் ஒரு சாண் ஒயர்தான் உயிர்நிலை. அங்கே புகும் ஈ முனகலும் ஸ்பீக்கரில் யானைப் பிளிறலாக வரும். அதனால் அந்த ஒயருக்கு மட்டும் செம்புக் கம்பிகளைப் பின்னி ஒரு சட்டை: ஷீல்டு. மெர்வின் பெஞ்சில் மூன்று வகை இருந்தன. ஒன்று சூடு பட்டால் உருகி வழியும். ஒன்று டி.வி. ஒயர், மாமியார் போல வளையாது. மூன்றாவது, நண்பன் ட்ரெவ் ஹாக்கிங் தன் பழைய பின்னல் மெஷினில் தானே பின்னி, ஞாயிற்றுக்கிழமை ரீலோடு கொண்டுவந்து கொடுத்தது. பட்டுப்போல் வளைந்தது. தவிர, இலவசம். மெர்வ் அதைவிடப் பெரிய தரச் சான்றிதழ் எதையும் மதித்ததில்லை.

ஊசியால் அந்தப் பின்னலை வாரிப் பிரித்தபோது செம்பிழைகளுக்கு நடுவே ஓர் இழை மட்டும் ஈயம் பிடிக்கவில்லை. சுருண்டது. நாறியது. வெட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். ஷீல்டின் ஒரு முனையை எர்த்தில் பற்றவைத்தான். மறுமுனையைச் சும்மா விட்டான். இரண்டையும் கட்டினால் வளையமாகி ஆம்ப் முனகும், இது பாலபாடம். ட்ரெவ் மட்டும் தன் ஆம்புகளில் ஆறு வருஷமாக இரண்டு முனையையும் கட்டிவந்தான், அதுவும் சாணி அப்பியது போல அத்தனை ஈயம் வைத்து. மெர்வ் கேலி செய்து ஓய்ந்துவிட்டான். அதே ட்ரெவ் ஞாயிறன்று வாசலில் நின்று, "நீ உன் வழக்கப்படியே கட்டு, மேட். ஒரு முனை போதும்," என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று மெர்வ் சந்தோஷப்பட்டான்.

ஸ்விட்சைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கிட்டார் செருகவில்லை. வர வேண்டியது அமைதி; வந்தது லேசான ஓர் இரைச்சல். மின்சார முனகல் நிற்காமல் ஓடும். இது நின்றது. பிறகு இழுத்தது. மறுபடி நின்றது.

மூச்சு.

ஏதோ டாக்ஸி ரேடியோ உள்ளே புகுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மின்சாரம் ஓடும் ஆம்புக்குள் குடைய எல்லாரும் வைத்திருக்கும் மரக் குச்சியை, நூடுல்ஸ் கடைக் குச்சியைத்தான், எடுத்து அந்த ஒயரைத் தொட்டான்.

"ட்ரெவ்?" என்றது ஸ்பீக்கர்.

கையை இழுத்துக்கொண்டான்.

"ட்ரெவ் இல்லையே. குச்சியால குத்தறதுக்கே இவ்ளோ யோசிக்கற ஆளு... மெர்வா?"

அந்தக் கிண்டலை அவனுக்குத் தெரியும். க்ளெனிஸ். ட்ரெவின் மனைவி. இடுப்பு வரை நரைத்த பின்னல். "மெர்வ், நீ கதவுல முட்டிக்கிட்டா கதவுகிட்டயே மன்னிப்பு கேப்ப," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். ஆறு வருஷம் முன்பு வீட்டைவிட்டுக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டாள் என்று ட்ரெவ் அழுதான். அவள் தங்கை மோரீன் நம்பவில்லை. "பஸ் ஏறுனத பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுடா, அவ நச்சரிப்பு நிக்கும்," என்று ட்ரெவ் கேட்டான். இருக்கிற ஒரே நண்பன். மெர்வ் சொன்னான். சும்மா சொன்னால் நம்பமாட்டாளே என்று ஒரு சிவப்புப் பெட்டியையும் சேர்த்துச் சொன்னான். மோரீன் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதோடு தேடுவதை விட்டாள்.

போனை எடுத்து ட்ரெவை அழைத்தான்.

"என்னடா, அதுக்குள்ள எரிச்சிட்டியா?"

"டேய், இந்த ஒயர்ல என்னத்தடா சேத்துப் பின்னுன?"

ட்ரெவ் பதிலுக்குக் கேட்டான்: "எத்தன முனை கட்டுன?"

"ஒண்ணுதான். நான் என்ன உன்ன மாதிரி கிறுக்கனா?"

ட்ரெவ் மூச்சு விட்டான். ஆறு வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

"வீடு இப்ப எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா, மேட். அந்தப் பின்னல வீசி எறிஞ்சு பாத்தேன், போகல. யாராச்சும் கை நீட்டி வாங்கிக்கணும். வாங்கி, ஒரு முனைய தொறந்து விடணும்."

"ட்ரெவ். க்ளெனிஸ் எங்கடா?"

"எங்கிட்ட கேக்கற? நீதானே பஸ் ஏத்திவிட்ட."

வைத்துவிட்டான். மெர்வ் திரும்ப அழைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஆம்பை அணைத்தான். அணைத்த பிறகும் சில நொடி சத்தம் மிஞ்சும், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் வரை. அது அவனுக்குத் தெரியும். எண்ணினான். பத்து. இருபது. வால்வுகளின் சிவப்பு அவிந்தது. பிளக்கைப் பிடுங்கினான்.

மூச்சு நிற்கவில்லை.

"மோரீன் எல்லா பஸ் ஸ்டாண்டுலயும் கேட்டா, மெர்வ். நீ சொல்ற வரைக்கும்."

மழை.

"என் பெட்டி என்ன கலரு?"

பின்னால் நகர்ந்தான். முதுகு கதவில் மோதியது.

"மன்னிச்சிடு," என்றான். யாரிடம் என்று அவனுக்கே தெரியவில்லை.

சிரித்தாள். ஸ்பீக்கரிலிருந்து அல்ல.

பெஞ்சின் மேல், அவன் கட்டாமல் விட்ட அந்த ஒரு முனையில், பின்னல் தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது. ஓர் இழை. இன்னோர் இழை. செம்பு அல்ல. நரைத்தது, ஈரமானது, மண் ஒட்டியது. பெஞ்சின் விளிம்பைத் தாண்டித் தரைக்கு வந்தது. இடுப்பளவு நீளம் வந்தும், நிற்கவில்லை.