டெல்மோவின் உடம்பு

பெனிஷ் துறைமுகத்தில் ஒரு கோல்கீப்பர் கெட்டிக்காரனா என்று யாரும் கேட்பதில்லை. யாரைப் போட்டிருக்கிறான் என்றுதான் கேட்பார்கள்.

அனிச்சையுறை வந்ததிலிருந்து போர்ச்சுகல் முழுக்க இதே கதைதான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோலோடு ஒட்டிக்கொண்டு, நரம்பு வழியே முழு உடம்பையும் இயக்கும் மெல்லிய உடுப்பு அது. தேர்ந்த கீப்பர் ஒருவர் பாய்ந்த பாய்ச்சல்கள் அத்தனையும் அதில் பதிந்திருக்கும். எதிராளி ஓடிவரத் தொடங்கினால் போதும், போட்டிருப்பவன் யோசிப்பதற்குள் உறை அவனைப் பந்தின் பக்கம் தூக்கி எறிந்துவிடும்.

பதினேழு வயது டெல்மோ அதைப் போடாதவன். போடவிடாதவர் அவனுடைய பயிற்சியாளர் அபிலியோ. நாடே கொண்டாடிய கீப்பராக இருந்தவர் அவர். முதல் அனிச்சையுறையே அவர் உடம்பிலிருந்து எடுத்ததுதான். அதற்கடுத்த வருடமே ஆட்டத்தை விட்டுப் பயிற்சிக்கு வந்துவிட்டார். முழங்கால் வலி என்று ஊரில் சொன்னார்கள். "இரவல் உடம்பு உனக்கு வேணாம். உன் உடம்பு உனக்குப் போதும்" என்று அவர் சொன்ன நாளில் டெல்மோ அவருக்கு அடிமையாகிவிட்டான்.

அதனால்தான் வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னான். அவனுக்குப் பந்தைக் கண்டால் பயம். கைக்கு வருவதற்கு முன் முகத்தில் அறையும் என்று தோன்றும். கண்ணை மூடி, தாடையைத் தோளில் புதைத்துக்கொள்வான். ஆனாலும் கை மட்டும் பந்தை விடாது. அபிலியோ சிரிக்கவில்லை. கடற்காற்று குளிரும் என்று உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கருப்புப் பனியன் கொடுத்தார். டெல்மோ அதைத் தினமும் அணிந்து பயிற்சி செய்தான்.

இன்று இளையோர் இறுதிப் போட்டி, வெளியூர் அணியோடு. ஜெயித்தால் டெல்மோவுக்குப் பெரிய அணியில் இடம். ஆட்டம் சமனாகி, பெனால்டிக்குப் போனது.

எதிரணி கீப்பர் ஈவோ, சின்ன வயதில் டெல்மோவோடு ஒரே தெருவில் ஆடியவன். பந்தை முகத்தாலேயே தடுத்துவிட்டு ரத்தத்தோடு இளிக்கிற பயல். அவன் முதல் பந்துக்குப் பாய்ந்தபோது, கண் மூடியது. தாடை தோளில் புதைந்தது.

தற்செயல் என்று டெல்மோ நினைத்துக்கொண்டான். இரண்டாவது பந்துக்கும் அதே. மூன்றாவதுக்கும் அதே. ஈவோவுக்கு இல்லாத பயம் ஈவோவின் உடம்பில் இருந்தது.

பத்து ஜோடி உதைத்தும் சமம்தான். இனி கீப்பர்களே உதைக்க வேண்டும். ஈவோ கம்பத்துக்கு மேலே அடித்துத் தொலைத்தான். அடுத்து டெல்மோ. தண்ணீர் குடிக்கும் சாக்கில் அவன் கோட்டோரம் நின்ற அபிலியோவிடம் போனான். அந்த ஊர்களில் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள்.

"அந்தப் பனியன்ல என்ன இருந்துச்சு, மிஸ்டர்?"

அபிலியோ புல்லைப் பார்த்தார். வருடத்துக்கு ஒரு புது உடம்பு பதிந்து கொடுக்கிற கோச்சுக்குத்தான் கிளப்பில் வேலை, எல்லோரும் செய்வதுதான் என்று முணுமுணுத்தார்.

"நான் பயப்படுறதையும் குடுத்துட்டீங்களா?"

"பயத்தை மட்டும் பிரிச்செடுக்க முடியாதுடா." பிறகு அவன் தோளைப் பிடித்தார். "ஒண்ணு சொல்றேன், கேளு. அவன எப்படி ஏமாத்தணும்னு உனக்குத் தெரியும். அப்படி மட்டும் அடிக்காத. வேற எப்படி வேணா அடி. தோத்தாலும் பரவால்ல."

விற்ற சரக்கைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று டெல்மோ நினைத்தான். கையைத் தட்டிவிட்டுப் போனான்.

அவனுக்குத் தெரியும். உதைக்க ஓடிவருபவன் கடைசி அடியில் கொஞ்சம் தயங்கினால் டெல்மோ பொறுக்கமாட்டான். பயத்தில் இடப்பக்கம் விழுந்துவிடுவான். ஓடினான். கடைசி அடியில் தயங்கினான். எதிரே அவனுடைய உடம்பு கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் சரிந்தது. திறந்துகிடந்த மறுபக்கத்தில் பந்தை மெதுவாகத் தள்ளிவிட்டான்.

தோழர்கள் அவனைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். மேலே போனபோது அரங்கத்தின் பெரிய திரை தெரிந்தது. அவனுடைய தயக்கத்தை அது நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தது.

உடை மாற்றும் அறைக்கு அபிலியோ தனியாக வந்தார்.

"எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல டெல்மோ. என் உறைய போட்டிருந்த ஒருத்தனுக்கு நானே கோல் அடிச்சேன். எனக்கு மட்டுந்தான் அந்த வழி தெரியும்னு பெரும பிடிபடல. ஊரே பாத்துச்சு. அதுக்கப்பறம் எல்லாரும் அப்படியே அடிச்சாங்க. அவனுக்கும் கோல் விழுந்துச்சு, எனக்கும் விழுந்துச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பனியன போட்டிருப்பியா?"

டெல்மோ காலணிகளைக் கழற்றிப் பையில் திணித்தான். பெரிய அணி இனி கூப்பிடாது என்றும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கோச் தேவைப்படுகிறது, விருப்பமிருந்தால் பேசுகிறேன் என்றும் அபிலியோ சொன்னார். அவர் குரல் அன்பாகவே இருந்தது. அதுதான் டெல்மோவால் தாங்க முடியவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். வாகன நிறுத்தத்தில் பிள்ளைகள் இரண்டு செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பின்னால் ஒருவனாக ஓடிவந்தார்கள். ஒவ்வொருவனும் கடைசி அடியில் கொஞ்சம் தயங்கினான்.