ஆமென் சொல்வதற்கு முன்

வில்பிரட் "ஆமென்" சொல்லிவிட்டு, வேதாகமத்தின் மேல் வைத்திருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்தார். மோதிரம் இல்லை.

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் மதிலை ஒட்டிய காட்டேஜ். சேலையூரிலிருந்து வில்பிரட் தன் மகள்கள் ஜோவிதா, சினேகாவோடு வந்திருந்தார். மாப்பிள்ளை ஜெபகுமார் தன் தாய் ரத்தினபாயோடு வந்திருந்தான். இரண்டு நாள் தங்கி, சினேகாவுக்கும் அவனுக்கும் நிச்சயத்தை முடித்துவிடுவதாக ஏற்பாடு. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் மூத்தவள் ஜோவிதா.

ஜெபத்துக்கு முன் மோதிரத்தை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு பெண்கள் தலையை மூடிக்கொண்டார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வில்பிரட் ஜெபிக்க ஆரம்பித்தால் குழம்பு ஆறிப்போகும் என்பது அந்த வீட்டுக் கேலி.

"யாராச்சும் உள்ள வந்தாங்களா?" என்றாள் ரத்தினபாய்.

"யாரும் வரல ஆன்ட்டி. அம்மணி அக்கா வாசப்படில நின்னுட்டு அப்படியே திரும்பிட்டாங்க," என்றாள் சினேகா.

ரத்தினபாய் அதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டாள். "அப்போ சமையல்காரி வந்திருக்கா. நம்ம கண்ணெல்லாம் மூடியிருந்தப்போ அவ கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சு."

சினேகா தலையில் கிடந்த துப்பட்டாவின் நுனியைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மணியின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. காட்டேஜ் உரிமையாளர் போனில், போலீஸ் வருவதானால் அம்மணி இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மணி வரை பார்ப்பேன், அப்புறம் போலீஸுக்குத்தான் போன் என்றாள் ரத்தினபாய்.

ஜோவிதா சமையலறைக்குப் போனாள். மசாலா தடவிய மீனின் முன் அம்மணி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு வந்தீங்கக்கா?"

"மீனு வறுக்கலாமான்னு கேக்க வந்தேம்மா. நீங்க சாமி கும்புட்டுகினு இருந்தீங்க. பேசாம திரும்பிட்டேன்."

"கையில தட்டு ஏதாச்சும்?"

"வெறுங்கைதான். செருப்பு வெளிய கீது."

"உள்ள என்ன பாத்தீங்க?"

அம்மணி ஒரு துண்டு மீனைத் திருப்பிப் போட்டாள். "ஒண்ணும் பாக்கலம்மா." அதுவரை நிமிர்ந்து பேசியவள், இதை மீனிடம் சொன்னாள்.

ஜோவிதா பின்பக்க ஜன்னலில் நின்றாள். எதிரே கோட்டை மதிலின் செங்கல் உதிர்ந்து கிடந்தது. எடுத்தது அம்மணியாக இருந்துவிட்டால் நல்லது என்று மனம் ஒரு கணம் ஆசைப்பட்டது. அந்த ஆசையைக் கண்டு அவளுக்கே கூசியது.

கூடத்துக்குத் திரும்பியபோது ரத்தினபாய் கையில் போன் இருந்தது.

"போனை வைங்க ஆன்ட்டி. எடுத்தது சினேகா."

வில்பிரட் சின்ன மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மணி அக்கா வெறுங்காலோட, வெறுங்கையோட வந்தாங்க. ஒரு சத்தமும் இல்ல. கண்ண மூடியிருந்த யாருக்கும் அவங்க வந்தது தெரியாது. சினேகாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க மேல பழி வரக் கூடாதுன்னு சொன்னா, அதுவே பழியாயிடுச்சு. வந்தது யாருன்னு கேட்டோமே தவிர, வந்ததைச் சொன்னது யாருன்னு பாக்கல." ஜோவிதா தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஆமென் சொன்னதும் எல்லாரும் துப்பட்டா, முந்தானையை இறக்கிட்டோம். இவ இன்னும் தலையில போட்டு நுனியைக் கையில இறுக்கிட்டு இருக்கா."

சினேகா துப்பட்டா நுனியின் முடிச்சை அவிழ்த்தாள். மோதிரம் மேசையில் உருண்டு ஜெபகுமாரின் பக்கம் போய் நின்றது. அவன் அதைத் தொடவில்லை.

"அம்மணி அக்கா என்னைப் பாத்துட்டாங்க," என்றாள் சினேகா. "பையைக் கொட்டினப்பகூட சொல்லல."

பிறகு அக்காவைப் பார்த்தாள். "இந்தச் சம்பந்தம் எனக்கு வேணாம்னு உன்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன். கண்ண மூடி ஜெபம் பண்ணு, சரியாயிடும்னு நீதான் சொன்ன."

ரத்தினபாய் காலிப் பெட்டியை மூடினாள்.

"மீனு வறுக்கலாமாம்மா?"

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாசற்படியில் அம்மணி நின்றிருந்தாள். எல்லோர் கண்ணும் திறந்திருந்தும், அவள் வந்தது இந்த முறையும் யாருக்கும் தெரியவில்லை.