சத்தம் நின்ற பிறகு

மாலை நான்கு இருபது வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் நடுவில் அவளுக்கு மூச்சு தீர்ந்துபோனது.

பதினொரு வருடமாக அந்தப் பேருந்து நிலையத்தில் அவள்தான் அறிவிப்பாளர். 'பயணிகள் கவனத்திற்கு' என்று ஆரம்பித்தால் வண்டி எண், நடைமேடை, நிற்கும் இடங்கள், புறப்படும் நேரம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். இன்று நடைமேடை எண்ணுக்கு முன்னால் குரல் அறுந்தது. அந்த இடைவெளி ஒலிபெருக்கி வழியாக நிலையம் முழுக்கக் கேட்டது. இடைவெளிக்குள் யாரோ எதையோ உறிஞ்சுவது போன்ற ஒரு சின்ன இழுப்பும் கேட்டது. அது தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

நேரக் காப்பாளர் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னக்கா, டிரைவருக்கு முன்னாடி நீங்க பிரேக் போட்டுட்டீங்க?"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் லேசில் விடவில்லை.

ஒரு வாரமாகச் சளி. நேற்றும் முந்தாநாளும் விடியலுக்கு முன் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தாள். கசப்பான குளிர் தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்கூட்டின் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக டீசல் புகை வந்துகொண்டேயிருந்தது. மைக்கின் பஞ்சு உறையில் பழைய எச்சில் வாடை. ஐந்தரைக்கு வேலை முடிந்து அவள் எழுந்தபோது இறுக்கம் திரும்பி வந்திருந்தது. வழக்கமாக நாலு மணி நேரம் தாங்கும் மருந்து, இன்று ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிட்டது.

டாக்டரம்மா இதைத்தான் சொல்லியிருந்தார். "மருந்து நாலு மணி நேரம் தாங்கலேன்னா அன்னிக்கே வந்துடுங்க. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலேன்னா வீட்ல உக்காந்து யோசிக்கவே யோசிக்காதீங்க. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

ஆனால் போன மாதம் அப்படித்தான் ஓடினார்கள். அவள் கணவர் அதே நிலையத்தின் பணிமனையில் மெக்கானிக். பாதி கழற்றிய இன்ஜினை அப்படியே போட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்ததில் மூச்சு தானாகவே சீரானது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாத வழி இன்னும் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இனி நிச்சயமாகத் தெரிந்தால்தான் வாய் திறப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தாள். அந்த நிச்சயம் எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

வீடு இரண்டாவது மாடி. ஒன்பதாவது படியில் நின்றாள். மேலிருந்து பக்கத்து வீட்டுக்காரி இறங்கி வருவதைப் பார்த்ததும், சாவி தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே மகள் மேஜை நிறையப் புத்தகங்களோடு இருந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய பரீட்சை. இரண்டு வருடம் வீடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்த பரீட்சை.

"அம்மா, ஏன் உன் முகம் இப்படி இருக்கு?"

"வெயில்," என்றாள். ஒரு சொல். இப்போதெல்லாம் ஒரு சொல் போதும் என்றுதான் அவளுக்குப் பட்டது. ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் அது வெளியே தெரிந்துவிடும்.

ஏழு மணிக்குக் கணவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இன்ஜின் ஓடுவதைக் காதால் கேட்டே எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லிவிடுபவர் அவர். பணிமனையில் அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் காணாத கதவு யாரும் தொடாமலே திறந்து திறந்து மூடுவதுபோல் நீளமாக, மெல்லியதாக, மூச்சு வெளியேறும்போதெல்லாம்.

"ஏம்மா, இழுக்குதே. போயிடலாமா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்க அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளைக் கண்ணால் காட்டினாள். நாளைக்கு.

"இப்படி இழுக்கும்போது எப்படி விட்டுட்டு இருக்கிறது?"

"காலைல... அவ... போனதும்..."

மூன்று சொற்களுக்கு மூன்று மூச்சு. எண்ணியது அவள் மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்து யோசிக்கவே யோசிக்காதீங்க. ஆனாலும் யோசித்தாள். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம். அரை மணி நேரம் பார்க்கலாம். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். குழந்தை படித்ததெல்லாம் மறந்துபோகும். அங்கே போய்ச் சேர்ந்ததும் இந்த நெஞ்சு மறுபடி ஏமாற்றிவிட்டால்?

இரண்டு இழுப்பு. பிறகு இரண்டு. நெஞ்சு தளரவேயில்லை. பீரோக் கண்ணாடியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தார். இரண்டு தடவையும் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தலையணைகளை அடுக்கிச் சாய வைத்தார். சத்தம் ஏறியது, இறங்கியது, ஏறியது. அவர் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டே முக்காலுக்கு அது நின்றது.

ஒரேயடியாக நிற்கவில்லை. நீளம் குறைந்து, நூலாகி, பிறகு இல்லை. மின்விசிறியின் கரகரப்பும் மகள் தாள் புரட்டுவதும் மட்டும் கேட்டன. கணவரின் முகத்தில் இருந்த முடிச்சு அவிழ்வதை அவள் பார்த்தாள்.

"அப்பாடா," என்றார். "விட்டுடுச்சு."

இல்லை.

விடவில்லை. உள்ளே எதுவும் போகவில்லை, அதனால்தான் சத்தம் இல்லை. நிச்சயம் எப்படி இருக்கும் என்று இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது. குளிர்ந்த தெளிவாக. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். இதைச் சொல்ல வேண்டும். கூப்பிடு. அவ்வளவுதான், ஒரு சொல்.

வாயைத் திறந்தாள். சொல்லைத் தூக்கிக்கொண்டு வரக் காற்று இல்லை.

"பேசாத, பேசாத. தூங்கு," என்று அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பயந்தே போயிட்டேன் நான்."

அவர் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். போனைத் தடுப்பதற்கு இருந்த பலம், அதைக் கேட்பதற்கு இல்லை. விரல்கள் அவர் கைமேல் கிடந்தன. அவர் அவற்றை வாஞ்சையாக அழுத்திவிட்டு, எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்.

எழுந்தார். விளக்கை அணைத்தார்.

போர்வைக்குள் கை நகர்ந்தது. இன்ஹேலர் விரலில் பட்டது. தள்ளு. விழட்டும். தரையில் விழுந்தால் சத்தம் கேட்கும். தள்ளினாள். அது கட்டில் ஓரத்தில் தொங்கிய போர்வையில் சறுக்கி, கால்மிதியின்மேல் போய் உட்கார்ந்தது. பூனை குதித்ததுபோல், சத்தமே இல்லாமல்.

ஆனால் வாசல் வழியே விழுந்த வெளிச்சத்தில் அவர் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து எடுத்தார். பார்த்துவிட்டார், பார்த்துவிட்டார்.

"காலைல தேடுவா," என்று தனக்குள் முணுமுணுத்து, அதை ஜன்னல் மேடையில் கொண்டுபோய் வைத்தார்.

கதவருகே மகள். கையில் பேனா.

"அம்மாக்கு எப்படிப்பா இருக்கு?"

"ஷ்ஷ். இப்பதான் கண்ணசந்தா."

"முழிச்சிருக்கிற மாதிரி இருக்கே..."

குட்டி. இங்கே. இங்கே வா.

வெளிச்சத்தில் நின்று இருட்டைப் பார்ப்பவளுக்கு என்ன தெரியும்? கண்களைச் சிமிட்டினாள். மறுபடி. மறுபடி. உடம்பில் சொன்னபடி கேட்பது அது ஒன்றுதான்.

"அரைத்தூக்கம்மா. ரெண்டு மூணு நாளா சரியா தூங்கல போலிருக்கு. எழுப்பிடாத. நீயும் போய்ப் படு, காலைல பரீட்சை."

மகள் ஒரு கணம் நின்றாள். ஒரு கால் உள்ளே வந்தது. பிறகு திரும்பிப் போனது.

தோள்கள் ஏறின. இறங்கின. எதுவும் வரவில்லை. எதுவும் போகவில்லை. ஏறின.

கதவு மெல்ல மெல்ல நகர்ந்தது. கிறீச்சிடாமல் இருக்க அவர் அதைத் தூக்கிப் பிடித்து மூடினார். வெளிச்சம் கை அகலமானது. பிறகு விரல் அகலத்தில் நின்றது. அந்த விரல் அகலத்தில் அவள் கடைசியாகப் பார்த்தாள். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கும் ரப்பர் செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று, வெறுங்காலின் நுனியில் ஒவ்வொரு அடியாக வைத்து அவர் போய்க்கொண்டிருந்தார்.