அது உம் கொட்டியது

அவன் சொல்லாத ஒரு 'ம்' திரையில் இருந்தது.

'மூடியை இறுக்கமாக மூடவும்' என்று சொல்லி, முற்றுப்புள்ளியையும் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தான். வாக்கியத்துக்குக் கீழே, தனி வரியில், ஒற்றை எழுத்து.

"அழி," என்றான்.

'ஆழி' என்று எழுதியது கணினி.

"அழி. கடைசி வரியை அழி."

'ஆழி கடைசி வரியை ஆழி.'

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினியின் எலியை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் என்றால் அதற்கும் கை வேண்டும். பரணில் இருந்த பெட்டியை எடுக்க ஏணியில் ஏறி விழுந்ததிலிருந்து இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டில் கிடந்தன. வெளியே தெரிந்த விரல் நுனிகளும் வீங்கிப்போய் ஒன்றுக்கும் உதவாமல் இருந்தன. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு பாதி மொழிபெயர்ப்பில் நின்றது. காலைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி மேலாளர் தேன் தடவிச் சொல்லியிருந்தார். பேசினால் எழுதிக்கொள்ளும் இந்த மென்பொருளை மைத்துனன்தான் கணினியில் ஏற்றிக்கொடுத்தான்.

"தினமும் பேசுங்க அத்தான்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "பேசப் பேச உங்க குரலை அது கத்துக்கும்."

கற்றுக்கொண்ட லட்சணம் தெரிந்தது. 'துணிகளை உள்ளே போடவும்' என்றால் 'துணைகளை உள்ளே போடவும்' என்றது. 'நுரை அதிகமானால்' என்பதற்கு 'நோய் அதிகமானால்' என்றது.

மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்து, உறிஞ்சுகுழலை அவன் வாயருகே பிடித்தாள்.

"சுடுது," என்றான்.

"ஆத்தித்தான் கொண்டுவந்தேன்."

"சுடுதுன்னா சுடுதுதான். நான் பேசறது இந்த வீட்டுல யாருக்குமே காதுல விழாதா?"

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். முன்னெல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவாள். இப்போது சண்டை போடத் தெம்பில்லை போலிருந்தது.

"கோவம் மெஷின் மேல, திட்டு எனக்கு," என்றாள். "வலி மாத்திரை தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்."

வாசல் கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய வழிய அறைக்குள் பொழுது மங்கிக்கொண்டே வந்தது. நனைந்த சுவரின் வாடையும், மாவுக்கட்டுக்குள் ஊறிய வியர்வையின் புளித்த நெடியும், ஆடை கட்டிப்போன தேநீரின் மணமும் ஒன்றோடொன்று குழைந்து மூக்கருகிலேயே நின்றன. விளக்கைப் போட எழுந்திருக்க வேண்டுமே என்ற அலுப்பில் திரையின் வெளிச்சமே போதும் என்று விட்டுவிட்டான்.

"நீர்க்குழாயைத் திறக்கவும். முற்றுப்புள்ளி."

எழுதியது. காத்திருந்தான். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அடுத்த வரியில் வந்தது.

ம்.

"சுழலும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவும். முற்றுப்புள்ளி."

ம்.

கதை சொல்பவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் உம் கொட்டுவது போல. அவசரமில்லாமல். அடுத்தது என்ன என்று கேட்பது போல.

மேசையில் கிடந்த கைப்பேசியை மூக்கால் அழுத்தி மைத்துனனைக் கூப்பிட்டு, தானாக வந்து விழும் 'ம்' பற்றிச் சொன்னான்.

"ஃபேன் ஓடுதா அத்தான்?"

"ஓடுது."

"அந்த இரைச்சலைத்தான் அது பேச்சுன்னு எடுத்துக்குது. நிறுத்திப் பாருங்க."

கட்டுப் போட்ட முழங்கையால் இடித்து மேசை மின்விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் கிறீச்சிட்டு ஓய்ந்தன. மைக் கேட்கும் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு திரையின் ஓரத்தில் படுத்துக் கிடந்தது. அவன் பேசவில்லை. மழைகூடச் சற்று ஓய்ந்திருந்தது.

கோடு எழும்பியது. மெல்ல ஒருமுறை மேலே போய் அடங்கியது.

ம்.

திரும்பிப் பார்த்தான். அலமாரி, கொடியில் காயும் சட்டை, பாதி திறந்த கதவு, அதற்கப்பால் வாசலுக்குப் போகும் இருண்ட நடை. யாருமில்லை. பயந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பக்கத்து வீட்டில் யாராவது தொண்டையைச் செருமியிருப்பார்கள். இன்னும் எத்தனையோ பக்கங்கள் கிடக்க, உட்கார்ந்து பேய்க்கதை கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று நொந்துகொண்டான்.

"இயந்திரம் நின்ற பிறகு," என்று தொடங்கினான். சரியான சொல் வரவில்லை. தடுமாறினான்.

கோடு எழும்பியது.

'இயந்திரம் நின்ற பிறகு, துணிகளை உடனே வெளியே எடுத்து உதறி உலர்த்தவும்.'

அவன் தேடிய வாக்கியம். அவன் எழுதியிருக்கக்கூடியதைவிடச் சுத்தமான வாக்கியம். அதைத் தொடர்ந்து அடுத்தது. அதற்கடுத்தது. பிழையே இல்லை. துணி துணியாகவே இருந்தது, நுரை நுரையாகவே இருந்தது.

"நிறுத்து," என்றான்.

நிற்கவில்லை.

"எழுதுவதை நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல."

எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியும் அவன் சொன்ன ஒரு சொல்லைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொள்ளாத சனியன், யாரோ முணுமுணுப்பதைப் புள்ளி பிசகாமல் வாங்கிக்கொண்டிருந்தது. வலி, பசி, அரிப்பு, அவமானம் எல்லாம் சேர்ந்து அவன் தலைக்கேறின.

"என் பேச்சு எடுபடாதுன்னா நீயே பேசிக்கோ," என்றான். "எனக்குப் பதிலா நீயே பேசித் தொலை."

எழுத்து நின்றது.

பச்சைக் கோடு நெடுநேரம் படுத்தே இருந்தது. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

'சரி.'

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. இருமினான். மார்பு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, ஆனால் அறையில் இருமல் கேட்கவில்லை. கோடு அசையவில்லை. நாக்கைப் புரட்டினான். உதட்டைக் கடித்தான். மனைவியின் பெயரைச் சொல்லி அலறினான். கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வளவுதான்.

நடையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அவன் செருமல் அது. காலையில் எழுந்ததும் செருமுவானே, அதேதான்.

எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் கேட்கவில்லை. வாசலில் தாழ்ப்பாள் விழும் ஓசை. குடையை உதறும் ஓசை.

"என்னங்க, வந்துட்டேன்," மனைவியின் குரல். "நல்லா நனைஞ்சுட்டேன்."

"தெரியும்மா," என்றது அவன் குரல், நடையிலிருந்து. "உன்னை மழையில அலைய விட்டுட்டேன். துண்டு எடுத்துத் தரட்டுமா?"

குடையைச் சுவரோரம் சாய்க்கும் ஓசை கேட்டது.

"என்ன, இன்னிக்கு ரொம்பக் கரிசனமா இருக்கு?"

"தேநீர் சுடல. சும்மா எரிஞ்சு விழுந்துட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. நடையில் அந்தக் குரல் பேசும் ஒவ்வொரு சொல்லும் திரையில் விழுந்துகொண்டிருந்தது. பிழையில்லாமல். முற்றுப்புள்ளியோடு.

மாவுக்கட்டுக் கையை மேசையில் அடித்தான். அடித்த வலி தோள்வரை பாய்ந்தது. ஓசை இல்லை. கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது. ஓசை இல்லை.

கதவு முழுதாகத் திறந்தது. மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

நாற்காலியில் அவன் இருந்தான். வாயைப் பிளந்துகொண்டு இருந்தான்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் அவள்.

"இங்கதான், உனக்குப் பின்னாடி."

அவள் முகம் மலர்ந்து திரும்பினாள். நடையின் இருட்டிலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்து, அவளிடமிருந்த ஈரத் துண்டை மெதுவாக வாங்கி, அவள் கூந்தலைத் துவட்டத் தொடங்கின. கட்டு இல்லாத கைகள். அவள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொடுத்தாள். கூந்தலுக்குள் போய்வந்த அந்த விரல்களில் நகம் இல்லை, மூட்டு இல்லை, ஒரு ரேகைகூட இல்லை.